பெஷ்தா மொழி: மலைநாட்டுச் சிறுமொழியொன்றின் வரலாறு

கருங்கடலின் கீழ்க்கரையில் முற்காலத்திற் சிறந்து விளங்கிய தியோஸ்கூரியாஸ் என்னுந் துறைமுக நகரைப் பற்றி உரோம ஆசிரியரான பிளினி குறிப்பிடுமிடத்து, அங்கே 300 கூட்டத்தார் வெவ்வேறு மொழி பேசி வந்து கூடினரெனவும், அவரோடு வாணிகஞ் செய்தற்கு உரோமர் 130 மொழிபெயர்ப்பாளரை வேண்டினரெனவும் எழுதுகின்றார். அவருக்கு முற்பட்டவரான ஸ்திராபோ இத்தொகையை நம்பினாரல்லர். 70 கூட்டத்தார் என்பதே பொருந்துமென்றும், 300 என்பார் உண்மையைப் பொருட்படுத்தாதவரென்றும் சற்றுக் கடுமையாகவே கூறிவிட்டார். எண்ணிக்கை எவ்வாறாயினும், கோக்கேசிய மலைநாட்டின் மொழிப்பெருக்கம் பண்டை உலகத்தாரை வியப்பில் ஆழ்த்தியதென்பது தெளிவு. பின்வந்த அராபிய ஆசிரியர்களும் அம்மலையை ‘மொழிகளின் மலை’ என வழங்கினர்.

பிளினி கூறிய நகரம் அம்மலைத்தொடரின் மேற்குக் கோடியில் உள்ளது. கீழ்க்கோடியிலோ, காஸ்பியன் கடலை நோக்கிச் சரியும் மலைகளிடையே, தாகெஸ்தான் அமைந்துளது. ‘மலைநாடு’ என்பதே அப்பெயரின் பொருள். பரப்பில் இலங்கையினுஞ் சிறிதாகிய அந்நாட்டில் ஏறத்தாழ 30 மொழிகள் வழங்குகின்றன. அவற்றுட் சில பல நூறாயிரம் மக்களாற் பேசப்படுவன. சில ஒரேயோர் ஊருக்கு மட்டும் உரியன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு, மூன்று ஊர்களையே தாயகமாகக் கொண்டு இன்றளவும் வாழ்ந்துவரும் பெஷ்தா என்னும் மொழியைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகின்றோம். அரசனும் படையும் ஏடும் எழுத்தும் இல்லாத ஒரு சிறுமொழி, வலிமைமிக்க அயன்மொழிகளால் நாற்புறமுஞ் சூழப்பட்டும் இத்துணைக் காலம் எவ்வாறு நிலைத்தது? இவ்வினாவே இக்கட்டுரைக்கு ஏதுவாயிற்று.

முதற்கண் இடத்தை நோக்குவாம். தாகெஸ்தானின் தென்மேற்கு மூலையில், ஜோர்ஜியாவிலிருந்து அதனைப் பிரிக்கும் பெருமலைத் தொடரின் வடசாரலில், அவார்க் கொய்சு என்னும் ஆற்றுக்கு நீர் வழங்கும் மலையாறுகளின் தலைப்பகுதியில் பெஷ்தா என்னும் ஊர் உளது. த்லியாதல், ஹாஷர்ஹோத்தா என்பன அதனை அடுத்த ஊர்கள். இம்மூன்றும் மூன்று கிளைவழக்குகளுக்குத் தாயகங்களாயின. ஒரு வழக்கினர் மற்றைய வழக்கினரின் பேச்சை விளங்கிக்கொள்ளல் கூடும். எனினும் பேசுபவர் எவ்வூரார் என்பதை முதற் சொல்லிலேயே கண்டுகொள்ளத்தக்க அளவிற்கு வேறுபாடும் உண்டு. மலைக்கு அப்பால், ஜோர்ஜியாவின் குவாரேலிப் பகுதியிலும் இம்மொழியினர் சிலர் குடியேறி வாழ்ந்து வந்தனர்.

மொழியின் பெயரைக் குறித்து ஒரு சொல். ஆங்கில எழுத்தில் இப்பெயரை எழுதுங்கால் நடுவில் வரும் ஈரெழுத்துக்கள், நமது ழகரத்தைக் குறித்தற்குப் பயன்படுவனவே. அதுகண்டு இதனைப் ‘பெழ்தா’ என எழுதுதல் பிழையாகும். அவ்வொலி ஜகரத்துக்கும் ஷகரத்துக்கும் இடைப்பட்டதோர் உரசொலி. பெயரின் ஈற்றிலேதான் உண்மையான இடர்ப்பாடு உளது. அம்மக்கள் தம் வாயாற் கூறும்போது அங்கு ஒலிப்பது தகரமன்று. நாநுனியை லகரத்துக்கு வைப்பதுபோல் அண்ணத்திற் பொருத்தி, தொண்டையை மூடிக்கொண்டு, நாவின் இருமருங்கானும் காற்றை வெடிப்புடன் வெளிவிட்டு அவர் அதனை ஒலிப்பர். அவ்வொலி இரஷ்யர் நாவுக்கு வாராது. ஆதலின் தகரமிட்ட வடிவமே உலகவழக்காயிற்று. நமது ழகரத்தை மேனாட்டார் லகரமாகவும் றகரமாகவுஞ் சிதைத்த வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இது புதுமையன்று. இம்மொழிக்குக் ‘கபூச்சா’ என்றொரு பெயரும் உண்டு. பழைய நூல்களிற் பெரிதும் காணப்படுவது அப்பெயரே. ஆராய்ச்சி மாணாக்கர் இரண்டும் ஒன்றே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இம்மொழியின் இனம் யாது? தம் மொழியைப் பெஷ்தா மக்கள் எவ்வாறு குறிப்பிடுவர் என்பதிலிருந்தே இதனை ஒருவாறு உணரலாம். ‘பெஷ்தா ஊராரின் மொழி’ எனப் பொருள்படும் தொடரால் அதனை அவர் வழங்குவர். அத்தொடரில் ‘மொழி’ எனப் பொருள்படுஞ் சொல் ‘மித்ஸ்’ என்பது. அதற்கு ‘நா’ என்பதும் பொருள். அதற்கு முன்னிற்கும் ஊர்ப்பெயர் ஸகர ஈறு பெற்று ஆறாம் வேற்றுமைப் பொருள் தரும். இனி, அயலிலுள்ள சேஸ் மக்கள் தம் மொழியைச் ‘சேஸ்யஸ் மெத்ஸ்’ என்பர். ஹினுக் என்னும் ஊரார் ‘ஹினுசஸ் மெத்ஸ்’ என்பர். ஹுன்சிப் மக்களின் வழக்கிலும் இதே சொல் உயிர் மட்டும் சிறிது திரிந்து நிற்கும். முன்னிற்கும் பெயர் அங்கும் ஸகர ஈறே பெறும். சொல்லும் ஒன்று, வேற்றுமையுருபும் ஒன்று. இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? இக்குடும்பத்தைச் சேஸ் குடும்பமென்றும், பழைய வழக்கில் திதோ குடும்பமென்றும் அறிஞர் குறிப்பர். பெஷ்தா, ஹுன்சிப், சேஸ், ஹினுக், குவார்ஷி என்னும் ஐந்து மொழிகள் இதன்பாற்படும். இவ்வைந்தனுள்ளும் பெஷ்தாவுக்கு மிக அணித்தான உறவுடையது ஹுன்சிப்.

வட்டத்தை இன்னுஞ் சிறிது விரிப்பின், அவார் மொழியில் ‘மத்ஸ்’ என்றும், தென் தாகெஸ்தானின் லெஸ்கி மொழியில் ‘மெஸ்’ என்றும், செச்சென் மொழியில் ‘மொத்’ என்றும் இச்சொல் வழங்குதலைக் காணலாம். இவை யாவும் வடகீழ்க் கோக்கேசியப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தன. ஜோர்ஜிய மொழியோ மலைக்கு மறுபுறத்தில் மிக அணித்தாக இருந்தும் வேறு குடும்பத்தது. இரஷ்ய மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது என்பது யாவரும் அறிந்ததே.

இலக்கண அமைப்பிற் கருதத்தக்கன பல. எல்லாவற்றையும் ஈண்டு எடுத்துரைத்தல் இயலாது. ஒலிகளைப் பொறுத்தவரை, மெய்யெழுத்துக்களின் பெருக்கம் கோக்கேசிய மொழிகளுக்குப் பொதுவியல்பு. பெஷ்தாவிலோ உயிரொலிகளும் மிகுதி. நெட்டுயிரும் குற்றுயிரும் அன்றி, இதழ்குவித்து முன்னண்ணத்தில் ஒலிக்கும் உயிர்களும் மூக்கின்வழி ஒலிக்கும் உயிர்களும் உள. எண்ணும் முறை இருபதை அடியாகக் கொண்டது. நாற்பதை ‘இரண்டு இருபது’ என்னும் முறையிற் கூறுவர். பெயர்கள் பால்களாகப் பகுக்கப்படும். ஆடவர் ஒரு பால். மகளிர் ஒரு பால். ஏனைய உயிர்ப்பொருளும் உயிரில் பொருளும் வேறிரு பால்களில் அடங்கும். மக்களை ஆண் பெண் எனப் பிரித்து, அல்லனவற்றை வேறாக வைத்தல், திணை பால் கற்ற நமக்கு எளிதில் விளங்கத்தக்கதே. ஆயினும் தமிழிற் பாலுணர்த்தும் எழுத்து வினையின் ஈற்றில் நிற்கும். அங்கோ வினையின் முதலில் நிற்கும். அதுவும் உயிர்முதல் வினைகளிலேயே தோன்றும்.

வேறுபாடு இவ்வளவில் நிற்பதன்று. செயப்படுபொருள் குன்றாவினை வருமிடத்து, வினை எழுவாயின் பாலைக் கொள்ளாது செயப்படுபொருளின் பாலைக் கொள்ளும். தந்தை பானையை உடைத்தாரெனின், உடைத்தல் என்னும் வினை பானையோடு இயையுமேயன்றித் தந்தையோடு இயையாது. செய்தவரைக் குறிக்கும் பெயருக்கோ தனி உருபு உண்டு. அறிதல், காணுதல், விரும்புதல் ஆகிய வினைகளில் முறை மீண்டும் மாறும். அறிபவனைக் குறிக்கும் பெயர், ஓரிடத்தை நோக்கிய இயக்கத்தைக் காட்டும் உருபை ஏற்று நிற்கும். ‘எனக்குத் தெரியும்’ என நாம் நான்காம் வேற்றுமையாற் கூறுவது போல்வது இது. இதுகண்டு தமிழும் பெஷ்தாவும் உறவுமொழிகளென எவரும் துணிந்துவிடல் ஆகாது. அறிதலும் விரும்புதலும் ஒருவன் செய்யும் செயல்களாகாது அவனிடத்து வந்து நிகழ்வன என்னும் எண்ணம் உலகின் பல மொழிகளிலும் தனித்தனியே தோன்றியதாகும். மொழிநூலில் இத்தகைய ஒப்புமைகளைக் கொண்டு குலமுறை வகுத்தார் எத்துணையோ பேர் உளர். அவர்தம் நூல்கள் இன்று எடுப்பாரின்றிக் கிடக்கின்றன.

ஆயினும், வரலாறு கற்போர் கருத்தை மிகவும் ஈர்க்கத்தக்க இலக்கணக்கூறு பிறிதொன்று. பெஷ்தா மொழியில் இறந்தகாலம் இருவகைப்படும். பேசுபவன் தன் கண்ணாற் கண்ட நிகழ்ச்சிக்கு ஒரு வினைவடிவம். காணாது கேட்டோ உய்த்துணர்ந்தோ அறிந்த நிகழ்ச்சிக்கு வேறொரு வினைவடிவம். ‘மழை பெய்தது’ எனத் தமிழில் ஒருவன் கூறின், அவன் மழையைக் கண்டானா, விடியற்காலையில் ஈரநிலத்தைக் கண்டு கூறினானா, பிறர் சொல்லக் கேட்டானா என்பது அச்சொல்லால் விளங்காது. பெஷ்தாவில் அதனை மறைத்தல் அரிது. காண்டலளவை, கருதலளவை, உரையளவை என நமது தருக்கநூலார் வகுத்த பாகுபாட்டின் ஒரு பகுதி அங்கே வினைச்சொல்லின் ஈற்றிலேயே அமைந்து கிடக்கின்றது. பாட்டிமார் கூறும் பழங்கதைகளெல்லாம் காணாதவற்றுக்குரிய வடிவிலேயே நடைபெறும். முதியவரொருவர் தம் இளமையைக் கூறுமிடத்துக் கண்டவடிவம் வரும். தம் பாட்டனார் காலத்தைக் கூறத் தொடங்கியதும் வடிவம் மாறிவிடும். எழுத்திலாத ஒரு மக்களின் வாய்மொழி வரலாற்றில், சாட்சியின் கூற்று எங்கு முடிகின்றது, செவிவழிச் செய்தி எங்குத் தொடங்குகின்றது என்பதை இலக்கணமே பிரித்துக் காட்டுகின்றது. எழுத்துடைய பெருநாடுகளின் வரலாற்றாசிரியர்களுக்கும் இத்தகைய கட்டுப்பாடு இருந்திருப்பின் நாம் கற்க வேண்டிய நூல்கள் பல சுருங்கியிருக்கும்.

நிற்க. இனி இம்மொழியின் புறவரலாற்றை ஆராய்வாம். திதோ என்னும் பெயர் பழமை வாய்ந்தது. பிளினியும் தொலமியும் ‘திதூரர்’ எனக் கூறுவது அக்கூட்டத்தாரையே எனக் கொள்வர். ஜோர்ஜிய நாளாகமங்களிலும் திதோ மக்கள் குறிப்பிடப்படுகின்றனர். பெஷ்தா மக்களைப் பற்றித் தனியே விரித்துரைத்த பழைய நூல் யாதுமில்லை. அவர்களை ஆண்ட அரசவமிசமும் இல்லை. தாகெஸ்தானின் மேல்மலைப் பகுதிகளில் ஊர்கள் தம்முட் கூடி, முதியோர் அவையாலும் வழக்காற்று நீதியாலும் தம்மைத் தாமே ஆண்டு வந்தன. இரஷ்யர் இவற்றைச் ‘சுயேச்சைச் சமூகங்கள்’ என அழைத்தனர். கபூச்சா அத்தகைய சமூகங்களுள் ஒன்றாகும்.

சுயேச்சை என்பதனால் அவர்கள் தனித்தொதுங்கி வாழ்ந்தனர் என எண்ணற்க. மலைச்சாரலில் விளைவது ஆண்டு முழுவதுக்கும் போதாது. குளிர்காலத்திற் பனி மூடிய மலையில் ஆடுகளுக்குப் புல்லும் இல்லை. ஆதலின் மந்தைகளைத் தாழ்நிலங்களுக்கு ஓட்டிச் செல்லுதலும், கணவாய்களைக் கடந்து ஜோர்ஜியாவின் அலசானிப் பள்ளத்தாக்கில் மலைப்பொருள் விற்றுத் தானியம் கொள்ளுதலும் வாழ்க்கைக்கு இன்றியமையாதனவாயின. சந்தைக்குச் செல்வோன் சந்தையின் மொழியை அறிதல் வேண்டும். எனவே பெஷ்தா ஆடவர் ஜோர்ஜிய மொழியைக் கற்றனர். அவர்தம் மொழியிலும் ஜோர்ஜியச் சொற்கள் பல புகுந்தன. வடக்கே பிற மலைவாணரோடு ஊடாடுவதற்கு அவார் மொழி பயன்பட்டது. பல ஊராருக்கும் பொதுவாய் வழங்கிய அவார் வழக்குக்குப் ‘பொல்மத்ஸ்’ என்று பெயர். படைக்கும் பொதுமக்களுக்கும் உரிய மொழி என்பது அதன் கருத்து. இசுலாம் அங்கு வேரூன்றிய பின்னர் அராபிய மொழி மறைக்கும் கல்விக்கும் உரியதாயிற்று. அராபியச் சொற்கள் பெரும்பாலும் அவார் மொழியின் வழியாகவே பெஷ்தாவை அடைந்தன.

இங்ஙனம் மலைமேல் வாழ்வோர் கீழுள்ளாரின் மொழியைக் கற்பதும், கீழுள்ளார் மேலுள்ளாரின் மொழியைக் கல்லாமையும் தாகெஸ்தான் முழுவதிலும் காணப்படுவதொன்று. சந்தையும் மேய்ச்சல் நிலமும் தாழ்வாரத்தில் இருந்தமையால் மொழியறிவும் அவ்வழியே ஓடிற்று. அவ்வாறாயின், பிறமொழிகளை இத்துணை நன்கறிந்த மக்கள் தம் மொழியை ஏன் கைவிட்டாரல்லர்?

விடை ஊரின் அமைப்பிலேயே உளதென்பது எம் கருத்து. தாகெஸ்தான் மலையூர்களிற் பெண்கொடுத்தலும் கொள்ளலும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே நடைபெற்றன. மலைச்சாரலில் உழத்தக்க நிலம் மிகக் குறைவு. பெண்ணோடு நிலமும் வேற்றூருக்குச் செல்லாதிருத்தற்கு இவ்வழக்கம் அரணாயிற்று. அது மொழிக்கும் அரணானமை, கருதாது கிடைத்த பயன். வேற்றுமொழி பேசும் தாய் வீட்டினுட் புகவில்லை. குழந்தை முதலிற் கேட்பது பெஷ்தா. அடுப்பங்கரையிலும் களத்திலும் அவையிலும் கேட்பதும் அதுவே. ஜோர்ஜிய மொழி கணவாய்க்கு அப்பாலும், அவார் மொழி ஊரெல்லைக்கு அப்பாலும், அராபியம் பள்ளிவாசலிலும் நின்றன. ஒவ்வொரு மொழிக்கும் ஓரிடம் உண்டு. ஒன்றின் இடத்தை மற்றொன்று கவரவில்லை. பன்மொழி அறிவு அவர்கள் தாய்மொழியைக் கெடுக்கவில்லை என்பது மட்டுமன்று, அதனைக் காத்தது என்றே கூறலாம். வெளியுலகோடு பழகுதற்கு வேறு கருவி கையில் இருந்தமையால், வீட்டுமொழியை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

இந்நிலை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரிதும் மாறாதிருந்தது. இரஷ்யப் பேரரசை எதிர்த்து நெடுங்காலம் போராடிய இமாம் ஷாமில் 1859 இல் குனிப் மலையிற் பிடிபட்டார். தாகெஸ்தான் முழுவதும் பேரரசின் ஆட்சிக்குட்பட்டது. ஆட்சியைத் தொடர்ந்து ஆராய்ச்சியும் வந்தது. படைத்துறையினரான பீட்டர் உஸ்லார் (1816–1875) அவார், லாக், லெஸ்கி முதலிய மொழிகளுக்கு இலக்கணம் வரைந்தார். மலைவாணர் தத்தம் மொழியிலேயே எழுத்தறிவு பெறுதல் வேண்டுமெனவும் வலியுறுத்தினார். அவர் சேஸ் குடும்பத்து மொழிகளை ஆராயப் புகவில்லை. 1895 இல் எர்க்கெர்த் என்பார் செர்மன் மொழியில் வெளியிட்ட கோக்கேசிய மொழிகளின் தொகுப்பிலே கபூச்சாச் சொற்களும் இடம்பெற்றன. பின்னர் திபிலிசி நகரில் ஆசிரியத் தொழில் புரிந்த அடோல்ப் திர் (1867–1930) என்னும் செர்மானியர் 1909 இல் அந்தி, திதோ மொழிகள் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். நெடுங்காலம் பெஷ்தாவைப் பற்றி அறிய விரும்பினார்க்கு இவையன்றி வேறு துணையில்லை.

சோவியத் ஆட்சியில் தாகெஸ்தான் 1921 இல் தன்னாட்சிக் குடியரசாக்கப்பட்டது. 1926 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் பெஷ்தா மக்கள் ‘கபூச்சின்’ என்னும் பெயராற் தனியினமாகக் கணிக்கப்பட்டனர். அன்று அவர்கள் தொகை ஏறத்தாழ 1,450. ஹுன்சிப் என்னும் இன்னுஞ் சிறிய கூட்டத்தாரும் தனியே பதியப்பெற்றனர். எண்ணியோர் மக்களின் சொல்லைக் கேட்டு எழுதினர் என்பதற்கு அம்மதிப்பு ஒரு சான்றாக நிற்கின்றது.

பின்னர் 1939 இல் ஒரு மதிப்பு நிகழ்ந்தது. அதிற் கபூச்சின் என்னும் பெயர் இல்லை. அம்மக்கள் யாவரும் அவார் இனத்தவராகக் கணிக்கப்பட்டனர். 1989 வரை எடுக்கப்பட்ட எல்லா மதிப்புகளிலும் இதுவே முறை. ஒரு கூட்டத்தார் நோயாலும் போராலும் அழியாமல், பதிவேட்டின் ஒரு வரி நீக்கப்பட்டமையால் மட்டும் ஐம்பதாண்டு மறைந்துபோயினர்! சிறு கூட்டங்களைப் பெருங்கூட்டங்களோடு இணைத்து எழுத்துமொழிகளின் தொகையைக் குறைப்பதே அன்றைய கொள்கை. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஓராயிரம் பேர் பேசும் மொழிக்குப் பாடநூலும் ஆசிரியரும் செய்தித்தாளும் அமைத்தல் எளிதன்று. அவார் மொழியோ அவர்களுக்கு முன்னரே அறிமுகமானது. அது அராபிய எழுத்திலிருந்து 1928 இல் இலத்தீன் எழுத்துக்கும், பத்தாண்டு கழித்து இரஷ்ய எழுத்துக்கும் மாற்றப்பட்டு, பள்ளிமொழியாகவும் நூன்மொழியாகவும் வளர்ந்தது. இரசூல் கம்சாத்தொவ் (1923–2003) போன்ற பெருங்கவிஞர் அம்மொழியிற் பாடினர். எனவே பெஷ்தாச் சிறுவன் பள்ளிக்குச் சென்றதும் ‘தாய்மொழி’ என்னும் பெயரில் அவார் மொழியைக் கற்றான். பின்னர் இரஷ்ய மொழியிற் பயின்றான். அவன் தாய் பேசிய மொழிக்குப் பாடவேளையில் இடமில்லை. பிறமொழி கற்பித்தமையைக் குறை கூறுவார் எவருமிலர். அதனைத் தாய்மொழி எனப் பெயரிட்டமையே வியப்புக்குரியது.

பெயரிழந்ததற்குப் பின் அம்மக்கள் நிலமும் இழந்தனர். 1944 பெப்ரவரி 23 ஆந் திகதி செச்சென், இங்குஷ் மக்கள் தம் நாட்டினின்றும் மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தப்படலாயினர். வெறிதாகிய அவர் ஊர்களை நிரப்புதற்குத் தாகெஸ்தான் மலைவாணர் கட்டாயமாகக் கீழிறக்கப்பட்டனர். சேஸ் மக்களும் பெஷ்தா மக்களும் செச்சென் நாட்டின் வெதேனோப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வேறொருவர் கண்ணீரோடு விட்டுச்சென்ற வீட்டிற் குடியிருக்குமாறு பணிக்கப்பட்டவர் மனநிலை எத்தகையதாயிருக்கும் என்பதைக் கற்போரே உய்த்துணர்க. 1957 இல் செச்சென் மக்கள் மீள அனுமதிக்கப்பட்டபோது இவர்களும் தம் மலைக்குத் திரும்பினர். 13 ஆண்டு ஆளின்றிக் கிடந்த வீடுகளையும் வயல்களையும் திருத்தி மீண்டும் வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருந்தது. மொழி வல்லுநர் கண்கொண்டு நோக்குமிடத்து, இப்பதின்மூன்றாண்டிற் பெஷ்தா மொழி மடியாதிருந்தமை குறிப்பிடத்தக்கது. ஊரைப் பெயர்த்தவர்கள் ஊராரையும் அவர்தம் வீடுகளையும் சிதறடித்திருப்பின் முடிவு வேறாயிருத்தல் கூடும்.

அவர்கள் மலைக்கு மீண்ட காலத்தையொட்டியே ஆராய்ச்சியாளரும் மீண்டனர். பொகாரெவ் என்னும் இரஷ்ய அறிஞர் தாகெஸ்தானின் சேஸ் மொழிகளைப் பற்றி 1959 இல் வெளியிட்ட நூலில் இக்குடும்பத்து மொழிகள் ஒருசேர ஆராயப்பட்டன. 1965 இல் மதியேவா என்பார் பெஷ்தா ஊர்வழக்கை அடிப்படையாகக் கொண்டு இலக்கணச் சுருக்கம் ஒன்றை மகாச்கலாவில் வெளியிட்டார். அரசின் கணக்கேட்டில் இல்லாததொரு மொழிக்கு அதே அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் இலக்கணம் வரைந்தன! அலுவலகமும் கலைக்கழகமும் ஒன்றையொன்று பாராதிருத்தல் அந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

1991 இற்குப் பின் நிகழ்ந்த மாற்றங்கள் இருமுகம் கொண்டன. சோவியத் ஒன்றியம் சிதைந்ததும், பழைய கணவாய்கள் இருநாடுகளின் எல்லையாயின. ஜோர்ஜியச் சந்தைக்குச் சென்ற வழி அடைபட்டது. அங்கே குடியேறியிருந்தோர் உறவினரைக் காணல் அரிதாயிற்று. முதியோர் அறிந்திருந்த ஜோர்ஜிய மொழி இளையோர் நாவினின்று மறைந்தது. மறுபுறத்தில், பெஷ்தாவும் அயலூர்களும் தனி ஆட்சிப்பகுதியாக வகுக்கப்பட்டன. 2002 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில், அவார் இனத்தின் உட்பிரிவாகவேனும், பெஷ்தா என்னும் பெயர் மீண்டும் தோன்றியது. அப்போது தம்மைப் பெஷ்தர் எனப் பதிவு செய்தோர் 6,198 பேர். 2010 இல் 5,958 பேர். 1926 ஆம் ஆண்டுத் தொகையோடு ஒப்பிடின் நான்கு மடங்கு. இடைப்பட்ட காலமெல்லாம் இல்லாதவராகக் கருதப்பட்டவர் இவ்வளவிற் பெருகியிருந்தனர்.

தொகை பெருகியமை கண்டு மொழிக்கு இடரில்லை எனத் துணிதல் இயலுமா? முன்னர்க் கூறிய அரண் இன்று நெகிழ்ந்து வருகின்றது. தொழிலும் கல்வியும் நாடி மக்கள் மகாச்கலாவுக்கும் வடபுறச் சமவெளிக்கும் இறங்குகின்றனர். நகரத்திற் பல்வேறு மொழியினர் கலந்து மணம் செய்கின்றனர். தந்தை மொழி ஒன்றும் தாய்மொழி வேறுமாயின், பிள்ளைக்கு எஞ்சுவது இரஷ்ய மொழி. முற்காலத்திற் சந்தைமொழி சந்தையிலே நின்றது. இன்று வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி ஆகியவற்றின் வாயிலாக அது அடுப்பங்கரைக்கே வந்துவிட்டது. அவார் மொழியும் ஜோர்ஜிய மொழியும் பல நூற்றாண்டாகச் செய்யாததை இரஷ்ய மொழி சில தலைமுறையிற் செய்யக்கூடும். அதன் பெருமையோ சிறுமையோ இதற்குக் காரணமன்று; வீட்டினுள்ளும் இடம்பெற்ற முதல் அயன்மொழி அது என்பதே காரணம். மலையூரில் மட்டும் இன்றும் குழந்தைகள் பெஷ்தாவையே முதலிற் பேசக் கற்கின்றனர்.

எழுத்து முயற்சியும் பிந்தியேனும் தொடங்கியுளது. பெஷ்தா மொழியைத் தாய்மொழியாகவுடைய மஜீத் கலீலொவ் என்னும் மொழியறிஞர் 1995 இல் பெஷ்தா–இரஷ்ய அகராதியை மகாச்கலாவில் வெளியிட்டார். அவார் மொழிக்கு அமைந்த இரஷ்ய எழுத்துக்களே சில குறிகளுடன் இதற்கும் கொள்ளப்பட்டன. அவ்வாண்டிலேயே ஹெல்மா பான் டென் பெர்க் என்னும் ஒல்லாந்த ஆராய்ச்சியாளர் ஹுன்சிப் மொழிக்கு இலக்கணம் வெளியிட்டமையால், இரு தங்கைமொழிகளும் ஒருங்கே நூலேறின. பின்னர் பேர்னாட் கொம்றி, மஜீத் கலீலொவ், சாயிரா கலீலொவா ஆகிய மூவரும் சேர்ந்து இயற்றிய பெஷ்தா மொழி இலக்கணம் 2015 இல் லைப்சிக், மகாச்கலா ஆகிய நகரங்களின் பெயர்தாங்கி வெளிவந்தது. உருசிய மொழியில் எழுதப்பட்ட அந்நூலிலே, கண்டதற்கு ஒரு வடிவமும் காணாததற்கு ஒரு வடிவமுமாகப் பாட்டிமார் நாவில் மட்டும் வாழ்ந்த வினைவிகற்பங்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. பெஷ்தா ஊர்ப் பள்ளியிலோ ‘தாய்மொழி’ப் பாடவேளைக்குரிய நூல் அவார் மொழி நூலாகவே இருந்து வந்துளது; மணியடித்து வெளியே வந்த பிள்ளைகள் முற்றத்தில் ஒருவரையொருவர் அழைப்பது பெஷ்தாவில்.